மாமனைத் தட்டோடு கட்டினேன்

போன வருஷம் ஆவணி மாதத்து முதல் முகூர்த்த நாள். விழுப்புரத்தில் பாண்டி ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் காது குத்து. உட்கார இடமில்லாமல் ஜனம் நின்றுகொண்டிருந்த அந்த மண்டபத்தில், குழந்தையின் தாய்மாமனை நான் எல்லார் கண்ணெதிரிலும் ஒரு பொம்மை அளவுக்குச் சிறுக்க வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்று அதைச் சொன்னபோது நம்புவதற்கு ஆள் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய லேப்டாப், சத்தம் போடும் ஃபேன், அதற்குக் கீழே நான். ரொம்ப காலம் பேனர் டிசைன்தான் பண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், சண்டை இல்லாமல் பேனர் வராது. பெரியப்பா தலையைவிடச் சித்தப்பா தலை கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டால் போதும், பந்தி போடுவதற்குள் இரண்டு குடும்பம் பிரிந்துவிடும். தாய்மாமன் படம் மூலைக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், மாமன் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. யார் தலையை எங்கே வைக்க வேண்டும் என்று என்னைக் கேளுங்கள் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். வாய் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

இப்போது பேனரோடு ஜனங்களுக்குத் திருப்தி வருவதில்லை. மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி திரை வைத்து, அதில் வீட்டு மனுஷர்களே கார்ட்டூன் உருவமாக நடந்து வர வேண்டும். அதற்காக நானும் அனிமேஷன் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டேன். முறையாகப் படித்ததில்லை. வீடியோ பார்த்து, தப்பு பண்ணி, அழித்து, மறுபடி பண்ணிக் கற்றதுதான்.

அந்தக் குழந்தையின் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனம் மார்க்கெட்டுக்கு அடிக்கடி வருவார். அப்படி வந்த ஒரு நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். அவர் பேசியதெல்லாம் சீர்வரிசையைப் பற்றித்தான். தட்டு எப்படி வர வேண்டும், பட்டுப்பாவாடை எப்படி மின்ன வேண்டும், பழம் எப்படி அடுக்கியிருக்க வேண்டும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். அவர் போன் பேச வெளியே போனதும்தான் அந்த அம்மா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. பொறந்த வூடுன்னா எனக்கு என் தம்பி ஒருத்தன்தான். பாப்பா மொத பொறந்த நாளுக்கு அவன் கொண்டாந்த பையத் தூக்கிப் பாத்துட்டு, இவ்ளோதானான்னு எங்க வூட்ல ஒருத்தவங்க கேட்டுட்டாங்க. அன்னிக்குப் போனவன் திரும்பி வரவே இல்ல. இப்ப நான் கண்டமங்கலம் போயி, அழுது, கெஞ்சி, வர்றேன்னு சொல்ல வச்சிருக்கேன். அவன் வர்றதே பெரிய விஷயம்க்கா. படத்துல அவன் நல்லா கெத்தா தெரியணும். அவன் மடியிலதான் பாப்பாவுக்குக் காது குத்தணும்."

தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தினமும் கண்டமங்கலத்திலிருந்து பாண்டிச்சேரிக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறவர். அவர் புகைப்படத்தை அந்த அம்மா எனக்குப் போனில் அனுப்பினார். கம்பெனி சட்டை, கேமராவைப் பார்க்கக் கூச்சப்படுகிற முகம். கவலைப்படாதீர்கள், உங்கள் தம்பியை ராஜா மாதிரி இறக்குகிறேன் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராஜா மாதிரிதான் திட்டம் போட்டேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை குடுகுடுவென்று ஓடி வரும். பின்னால் அப்பா, அம்மா. கடைசியில் மேளச் சத்தம் ஏறும்போது, "தாய்மாமன்" என்று பெரிய எழுத்து விழும். அதற்குக் கீழே சீர்த் தட்டோடு மாமன் ஒரு புள்ளியாகத் தோன்றி, மளமளவென்று வளர்ந்து திரையை நிறைப்பார்.

மாமன் வளரும்போது தட்டும் கூடவே வளர வேண்டும். இல்லையென்றால் மலை மாதிரி ஆள், கையில் பொட்டு மாதிரி தட்டு என்று அசிங்கமாக இருக்கும். இதற்குச் சாஃப்ட்வேரில் ஒரு வழி இருக்கிறது. கன்ஸ்ட்ரெய்ன்ட் என்பார்கள். ஒரு பொருளின் அளவை இன்னொரு பொருளின் அளவோடு கட்டிப்போடுவது. கன்றுக்குட்டியைப் பசுவோடு கட்டுகிற மாதிரிதான். பசு போகிற இடத்துக்குக் கன்று தானாகப் போகும். அதேபோல முன்னே நிற்கிற பொருள் பெரிதானால் கட்டப்பட்ட பொருளும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். கட்டப்பட்டதற்குச் சொந்தமாக அளவு கிடையாது.

மாமனை முன்னே வைத்து, தட்டை அவரோடு கட்டியிருக்க வேண்டும். நான் மாற்றிக் கட்டிவிட்டேன். எதை முதலில் தொடுகிறோம், எதை அடுத்துத் தொடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டு மாறிவிடும். கட்டிவிட்டு மாமனைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அசையவில்லை. தட்டைப் பெரிதாக்கினேன், மாமனும் கூடவே வளர்ந்தார். அப்போதே புரிந்துவிட்டது, தலைகீழாகக் கட்டியிருக்கிறேன் என்று. அவிழ்த்து மறுபடி கட்டக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் மேளம், வெளிச்சம், எழுத்து என்று மற்ற வேலை தலைக்கு மேல் கிடந்தது. எது எதை இழுத்தால் என்ன, இரண்டும் சேர்ந்து வளர்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். தட்டை வைத்தே மாமனை வளர்த்து முடித்தேன். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. படத்தை அவர்களுக்கு அனுப்பினேன், அந்த அம்மா அழுகிற முகமும் கும்பிடுகிற கையுமாகப் பதில் அனுப்பினார்.

விசேஷத்துக்கு முதல் நாள் மாலை குழந்தையின் அப்பா போன் பண்ணினார். யாருக்கும் கேட்கக் கூடாது என்பது மாதிரி குரல் இறங்கியிருந்தது.

"ஒரு சின்ன கரெக்‌ஷன்ங்க. அந்த சீர் தட்டு ரொம்பப் பெருசா தெரியுது. மச்சான் கொண்டாறது அவ்ளோலாம் இல்லீங்க, அவனால முடிஞ்சத கொண்டாறான். படத்துல இம்மாம் பெரிய தட்ட காட்டிட்டு நேர்ல சின்னதா வந்தா ஜனங்க சிரிப்பாங்க. அவனுக்குத்தான் அசிங்கம். தட்ட மட்டும் கொஞ்சம் சின்னதா பண்ணிடுங்க. என் வூட்டம்மாவுக்குத் தெரிய வேணாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலையில் அந்த வேலையைச் செய்தேன். என் கம்ப்யூட்டர் கொஞ்சம் சோம்பேறி. எல்லா உருவங்களையும் ஒன்றாகத் திறந்தால் திணறும். அதனால் மற்றவர்களை எல்லாம் மறைத்துவிட்டுத் தட்டை மட்டும் திரையில் வைத்துக்கொண்டேன். கால்வாசிக்கும் கீழே குறைத்தேன். அழகாக, அடக்கமாக இருந்தது. மறைத்தவர்களைத் திறந்து, வீடியோ புதிதாகத் தயாராகட்டும் என்று விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது முடிகிற நிலையில் இருந்தது. ஆரம்பத்தில் குழந்தை ஓடி வருவதை மட்டும் பார்த்தேன். நன்றாக ஓடியது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு, கடைசி நேரத்தில் யாராவது பேர் விட்டுப்போச்சு என்றால் சேர்க்கலாம் என்று லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்க நேரத்தில் ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

நான் மண்டபத்துக்குள் நுழையும்போது அவர்கள் திருவாமாத்தூர் கோவிலில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார்கள். குழந்தை சந்தனத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. காது குத்துகிற பத்தர் மேடையில் பாய் விரித்து, ஊசியையும் எலுமிச்சம் பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திரைக்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். மாமன் சீரோடு வாசலில் நுழையும்போது படத்தைப் போட வேண்டும் என்று பேச்சு. அது என் யோசனைதான்.

மேளம் வாசலில் கேட்டது. மாமன் வந்தார். புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் துண்டு. அவர் கையில் ஒரு தட்டு, பின்னால் அவரோடு வந்த உறவுக்காரப் பெண்கள் கையில் சில தட்டு. மண்டபமே திரும்பிப் பார்த்தது. திரைக்காரர் பட்டனைத் தட்டினார்.

குழந்தை ஓடி வந்தது, கைதட்டல். அப்பா வந்தார், அம்மா வந்தார், விசில். மேளம் ஏறியது. "தாய்மாமன்" என்று எழுத்து திரை அகலத்துக்கு விழுந்தது. அதற்குக் கீழே ஒரு புள்ளி தோன்றியது. வளர்ந்தது. குழந்தையின் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அவ்வளவு பெரிய எழுத்துக்கும், அந்தப் பெரிய மேளச் சத்தத்துக்கும் கீழே, துக்கடா தட்டை ஏந்திக்கொண்டு துக்கடா மாமன் நின்றார். அவரைத் தட்டோடு கட்டி வைத்திருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

முதலில் ஒரு பக்கம் லேசாகச் சிரிப்பு. பிறகு மண்டபம் முழுக்க. பின்வரிசையில் ஒரு ஆள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கரெக்டா போட்டுக்கிறாங்கய்யா. சீருக்கேத்த மாமன்."

அதற்கு மேல்தான் பெரிய சிரிப்பு. மாமனும் முதலில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பிடிபட்டிருக்காது. படம் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டிருந்தார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு திரைக்காரரிடம் ஓடுவதற்குள் இரண்டாவது தடவையும் அந்த எழுத்து விழுந்தது, அந்தப் புள்ளி தோன்றியது. இந்தத் தடவை அவர் சரியாகப் பார்த்துவிட்டார். கையிலிருந்த தட்டை நடைபாதைக் கம்பளத்தின் மேல் மெதுவாக வைத்தார். பழம் ஒன்று உருண்டது. அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வெளியே நடந்தார்.

குழந்தையின் அப்பா என்னிடம் வந்தார். "இன்னாங்க இது. நான் இன்னா சொன்னேன், நீங்க இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார். பின்னாலேயே வந்த அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தார்.

"அப்ப நீங்க சொல்லித்தான் இப்டி பண்ணாங்களா?"

அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில் புதிதாக ஒரு பொட்டலம் நெருப்பை நான் வைத்துவிட்டேன் என்று புரிந்தது. திரைக்காரரிடம் படத்தை நிறுத்தச் சொன்னேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் புங்க மரத்தடியில் பைக்குகள் நின்றன. அவர் தன் பைக்கில் சாவியைப் போட்டுவிட்டு, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று, அந்தப் படத்தைப் பண்ணியது நான்தான் என்றேன்.

"விடுங்கக்கா" என்றார். "உங்களுக்கு இன்னா சொன்னாங்களோ அதப் பண்ணீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். மன்னிப்பு கேட்டு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் நம்ப வேண்டும், அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது. அந்த அவசரத்தில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"இல்ல தம்பி, உங்கள சின்னதா பண்ணச் சொல்லி யாருமே சொல்லல. தட்டத்தான் சின்னதா பண்ணச் சொன்னாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படத்தில் நடந்தது தெரியாமல் வந்த தப்பு. இது நானாக வாயால் செய்தது. முதல் அடி கண்ணுக்குத் தெரியாமல் விழுந்தது, இரண்டாவது அடியை எதிரே நின்று நானே போட்டேன்.

அவர் பைக்கைவிட்டு இறங்கினார். பிறகு, "எப்டி, தட்ட சின்னதாக்குனா நான் ஏன் சின்னதாவணும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லேப்டாப்பை பைக் சீட்டின் மேல் வைத்துத் திறந்தேன். வெயிலில் திரை ஒன்றும் தெரியவில்லை. அவரே தோளில் இருந்த துண்டை எடுத்து, நிழலுக்காகத் திரைக்கு மேல் பிடித்துக்கொண்டார். யாருக்கு யார் உதவி பண்ணுவது என்றே இல்லாமல் போனது. கட்டைக் காட்டினேன். இதுதான் முன்னே நிற்கிறது, இது இதைத் தொடர்ந்து போகிறது என்று சொன்னேன். தட்டைக் குறைத்தேன், அவர் குறைந்தார். தட்டைக் கூட்டினேன், அவர் வளர்ந்தார். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடலாமா என்று கேட்டார். தொடுங்கள் என்று விலகினேன். அவரே தட்டை இழுத்துப் பெரிதாக்கினார். அவர் உருவம் வளர்ந்து, தலை திரைக்கு வெளியே போனது. மறுபடி இழுத்துச் சின்னதாக்கினார்.

"ஓ. அப்ப நான் பெருசாவணும்னா தட்டு பெருசாவணும். அப்டிதானக்கா?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, அந்தக் கட்டை அழித்தேன். தட்டு சின்னதாகவே இருக்க, மாமன் அவர் அளவுக்கு எழுந்து நின்றார். "இதோ, சரியாயிடுச்சு தம்பி. உள்ளே போய் இத உடனே போடச் சொல்றேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

"வேணாம்க்கா."

"சரி பண்ணதத்தான் தம்பி."

"சரி பண்ணதும் வேணாம். சிரிச்சவங்க சிரிச்சிட்டாங்க. இன்னொரு வாட்டி என்னப் பெருசாக் காட்டுனா, அதுக்கும் சிரிப்பாங்க."

தப்பைத் திருத்திவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வழியில்லை. திருத்தியது என் லேப்டாப்பிலேயே கிடந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் மனதில் அந்த முழங்கால் உயர மாமன்தான் இன்று வரைக்கும் நின்றுகொண்டிருப்பார்.

அப்போது குழந்தையின் அப்பா வெளியே வந்தார். வந்தவர் என்னைத் தாண்டிப் போய் மச்சானின் பைக் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், தட்ட சின்னதா பண்ணச் சொன்னது நான்தான். உன்னப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். சாமி சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும் மாமா" என்றார் அவர். "நீங்களும் தட்டத்தான் பாத்துருக்கீங்க. அதுதான் பேஜாரு."

குழந்தையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். உள்ளே யாரோ மைக்கில் ஹலோ, ஹலோ என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பத்தர் ஊசி பிடித்த கையோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாமன் யாருப்பா இங்க? எனக்கு ஜல்தியா ஒரு மடி வேணும். கொழந்த தூங்கி வழியுது. இத முடிச்சிட்டுத் திருவெண்ணெய்நல்லூர்ல இன்னொரு காது இருக்குது எனக்கு."

அவருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. மேடையில் எலுமிச்சம் பழத்தோடு உட்கார்ந்திருந்த மனுஷன், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமன் அவரைப் பார்த்தார். பிறகு என் லேப்டாப் மேல் கிடந்த தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பைக்கிலிருந்து சாவியை உருவினார். "வாங்க மாமா, பாப்பா அழுவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும் மண்டபம் அமைதியாகிவிட்டது. யாரும் கைதட்டவில்லை, மேளமும் அடிக்கவில்லை. கம்பளத்தில் வைத்துவிட்டுப் போன தட்டு அங்கேயே இருந்தது, எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது. அவரே குனிந்து எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். அக்காவின் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா தம்பியின் கையை மட்டும் ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு, குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தார். நான் கதவு ஓரத்திலேயே நின்றுவிட்டேன்.

பத்தர் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. மாமன் ஒரு கையால் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டு, காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாங்கி வந்த தோடு ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவுதான் இருக்கும். அந்தச் சின்னக் காதுக்கு அது சரியாக உட்கார்ந்தது. இரண்டு காதும் முடிந்த பிறகும் குழந்தை அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை, அம்மா கூப்பிட்டும் போகவில்லை. புது வெள்ளைச் சட்டை முழுக்கச் சந்தனமும் கண்ணீரும். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. முன் வரிசைக்காரர்கள் குழந்தை அழுவதைப் பார்த்து மாமனும் அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை.

சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று லேப்டாப் பையைத் தோளில் மாட்டினேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "சாப்ட்டு போங்கக்கா" என்றார், அவ்வளவுதான். முன்பு என் கையைப் பிடித்துக்கொண்ட அதே அம்மாதான். இப்போது இரண்டடி தள்ளியே நின்றார். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோறு வந்தது, இறங்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தியைப் பார்த்துக்கொண்டே வந்த அந்த மாமன் என் இலைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாக்கா, ஒண்ணுமே சாப்டல. ரசம் ஊத்தச் சொல்லட்டுமா?"

வேண்டாம் தம்பி என்றேன். அவர் போன பிறகு தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சோறு முழுவதையும் தின்றேன். மீதம் வைத்தால் அவர் மறுபடி வந்து கேட்பாரோ என்று பயம்.

திண்டிவனத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது தூக்கம் வரவில்லை. நினைத்துப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு நான் என்னென்ன செய்தேன்? தட்டுக்கு ஒவ்வொரு பழமாக உட்கார்ந்து வடித்தேன். வளையலுக்குத் தனி மினுக்கம், பாவாடை ஜரிகைக்குத் தனி மினுக்கம். மாமன் உருவம் மட்டும் வேறு யாரோ ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பண்ணி வைத்திருந்த பழைய உடம்பு. அதில் இவர் முகத்தை ஒட்டியதோடு சரி. அந்த அம்மா மனசு விட்டுச் சொன்னது தம்பியைப் பற்றி. என் காதில் நின்றது அவர் புருஷன் காற்றில் வரைந்த தட்டு. அதனால்தான் கட்டும்போது என் கை தட்டை முன்னே வைத்தது. அவசரம், கம்ப்யூட்டர் மந்தம் என்று நான் சொன்ன காரணமெல்லாம் அப்புறம்தான்.

தொழிலை விடவில்லை. விட்டால் சோறு யார் போடுவது? இப்போதும் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் படம் பண்ணுகிறேன். முழுசாக ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. அதெல்லாம் வேலை சம்பந்தப்பட்ட புத்தி, ஒரு தடவை அடிபட்டால் யாருக்கும் வந்துவிடும்.

ஆனால் அந்தப் புங்க மரத்தடியில் அவர் என்னைப் பார்த்து, நான் பெரிதாக வேண்டும் என்றால் தட்டு பெரிதாக வேண்டும், அப்படித்தானே என்று கேட்டார். இல்லை தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பொய் சொல்வதுபோல் இருக்கும் என்று தோன்றியது, ஏனென்றால் சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்கள், சிரிக்கவில்லையே தவிர நானும் அவர்களில் ஒருத்திதான். திரையில் அந்தக் கட்டை ஒரு நொடியில் அழித்துவிட்டேன். எனக்குள் இருக்கிற கட்டு அழிந்துவிட்டதா? மாமன் ஒருவர் தட்டோடு வாசலில் நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்த்து, இன்றும் கூசிப்போகிறேன்.